கண்ணீர் காத்ததும் காக்காததும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்க முன்னர் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம்.

சென்ற தவணை உயர்தர உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனம் படிப்பித்துக் கொண்டிருந்தோம். கண்ணீரில் லைசோசைம் என்றொரு நொதியம் உண்டு, அது பற்றீரியாவின் கலச்சுவரை உடைக்கும் என்று பலகையில் எழுதி முடிக்க, பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், கண்ணீரே கிருமியக் கொல்லும் எண்டா எங்கட அப்பாட கண் ஏன் போனது?"

தகப்பன் படுவான்கரையில் வயல் செய்பவர். வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபோது நெற்சுணை கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டில் முலைப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு யாரோ கொடுத்த சொட்டு மருந்து. பத்து நாள் கழித்து வைத்தியசாலைக்குப் போகும்போது கருவிழி வெள்ளையாகிவிட்டது.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் வாப்பாவுக்கும் ஒரு கண் பூ விழுந்த கண்தான். குருமன்வெளியில் பாதை ஏறி அக்கரைக்கு வயலுக்குப் போய் வந்தவர். சூடடிக் காலத்தில் பதர் பட்டது. பக்கத்து வாடியிலிருந்த ஒரு தமிழ் அக்கா சிரட்டையில் பால் பீய்ச்சிக் கொடுத்தாவாம். கண் போன பிறகும் வாப்பா அந்த அக்காவைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. நாங்களும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடினோம். அது நூறு வருடக் கதையாக இருந்தது.

1921ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் அலெக்சாண்டர் பிளெமிங்குக்குத் தடிமன். தன் மூக்குச் சளியையே எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் போட்டு வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் தட்டு முழுவதும் மஞ்சள் நிறத்தில் பற்றீரியாக் கூட்டங்கள். சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை, அங்கு வந்தவை கரைந்து போயிருந்தன. பிறகு கண்ணீரில் பார்த்தார். பற்றீரியா கலந்து கலங்கலாக இருந்த குழாய்க்குள் ஒரு துளி கண்ணீர் விழுந்ததும் தண்ணீர் தெளிந்துவிட்டது. அதன் பிறகு அந்த ஆய்வுகூடத்துக்குள் போனவர்கள் பாவம். எலுமிச்சம் தோலைக் கண்ணில் பிழிந்து கண்ணீர் எடுத்தார்கள். உதவியாளர்களுக்கு அதற்காகச் சில்லறையும் கொடுத்தார்களாம்.

எச்சில், தாய்ப்பால், முட்டை வெள்ளைக்கரு என்று தேடிய இடமெல்லாம் அது இருந்தது. லைசோசைம் என்று பெயர் வைத்தவர் பிளெமிங்கின் தலைவர் அல்ம்ரோத் ரைட். அந்த வருடம் டிசெம்பரில் பிளெமிங் இதை மருத்துவ ஆய்வாளர்களின் கூட்டமொன்றில் வாசித்தார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1922இல் ரோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. லைசோசைம் சட்டென்று கரைத்தவை பெரும்பாலும் காற்றில் திரியும் அப்பாவிப் பற்றீரியாக்கள். ஆளைப் படுக்கையில் போடும் கிருமிகள் பலவற்றுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நோயைத் தீர்க்காத மருந்தை வைத்து என்ன செய்வது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பிளெமிங் அதை மறுபக்கமிருந்து பார்த்தார். லைசோசைம் கரைத்துவிடுவதால்தானே அவை நமக்கு அப்பாவிகளாக இருக்கின்றன? அதற்குத் தப்பக்கூடியவைதான் நோய்க்கிருமி என்று பெயரெடுக்கின்றன. பிள்ளை கேட்ட கேள்விக்கான பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. கண்ணீர் ஒவ்வொரு நாளும் வெல்கிற சண்டைகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோற்ற சண்டை மட்டும்தான் வைத்தியசாலைக்கு வருகிறது.

இந்த லைசோசைம்தான் சுற்றி வளைத்துப் பென்சிலினுக்கும் வழி விட்டது. பென்சிலினைப் பிளெமிங் 1928இல் கண்டு, அடுத்த வருடம் கட்டுரை எழுதியதோடு அது கிடப்பில் கிடந்தது. ஒக்ஸ்போர்டில் ஃபுளோரியும் செயினும் லைசோசைம் எதை வெட்டுகிறது என்று ஆராய்ந்தார்கள். பற்றீரியாவை அழிக்கும் இயற்கைப் பொருட்கள் வேறென்ன உண்டு என்று பழைய சஞ்சிகைகளைப் புரட்டியபோது செயினின் கையில் அகப்பட்டது அந்தக் கட்டுரை. மூவருக்கும் 1945இல் நோபல் பரிசு. பாடப்புத்தகங்கள் பூஞ்சணம் விழுந்த தட்டைச் சொல்கின்றன, மூக்குச் சளியை விட்டுவிடுகின்றன.

அடுத்த கட்டத்தில் நம் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எதில் மடிய முடியாது என்று காட்டும் படம் அது. இரண்டு வருடம் கழித்து, 1965இல், லண்டனில் டேவிட் பிலிப்ஸ், லூயிஸ் ஜோன்சன் குழுவினர் கோழிமுட்டை லைசோசைமின் முழு உருவத்தையும் கண்டுபிடித்தார்கள். முப்பரிமாண உருவம் தெரிய வந்த முதல் நொதியம் அதுதான். இன்றைக்கும் ஒரு புரதத்தின் உருவம் கிடைத்தால், சரியா பிழையா என்று அந்தச் சென்னை வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

உருவம் தெரிந்ததும் வேலையும் விளங்கியது. 129 அமினோவமிலங்கள் சுருண்டு நடுவில் ஒரு பிளவு. பற்றீரியாவின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி அந்தப் பிளவுக்குள் போய் அறுபடுகிறது. பாக்கு வெட்டிக்குள் பாக்கு வைத்த மாதிரி. சுவர் அறுந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து கலம் வெடிக்கும். (மனிதரின் லைசோசைமில் 130. அதில் ஒரேயொரு அமினோவமிலம் பரம்பரையாக மாறி வந்த சில குடும்பங்களில், இதே காவல்காரன் ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் படிந்து நோயாகிவிடுகிறது என்று 1993இல் கண்டார்கள்.)

ஆக, அந்தச் சுவர் இருக்கும் ஆளைத்தான் இந்தப் பாக்கு வெட்டி வெட்டும். வைரசுக்கு அப்படியொரு சுவரே இல்லை. தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லும் கண்ணோய் ஊர் ஊராகப் பரவுவது அதனால்தான். பங்கசுக்குச் சுவர் உண்டு, ஆனால் அது கைற்றினும் வேறு சர்க்கரைகளும் சேர்ந்த வேறு வகைச் சுவர். அங்கே லைசோசைமின் வெட்டு அவ்வளவாக எடுபடாது.

பிள்ளையின் கேள்விக்கான மீதிப் பதில் மதுரையில் கிடைத்தது. வைத்தியர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை அங்குதான் இருக்கிறது. 1994இல் மூன்று மாதத்துக்குள் கருவிழிப் புண்ணோடு அங்கு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் பற்றீரியாவும் பங்கசும் ஏறக்குறைய சரிபாதி. பியூசேரியம், அஸ்பஜிலஸ் போன்ற இந்தப் பங்கசுகள் மண்ணிலும் வைக்கோலிலும் இருப்பவை. மதுரை வயலும் நம் வட்டையும் இதில் ஒன்றுதான். சுணை கருவிழியின் மேற்தோலைக் கீறி, பங்கசை உள்ளேயே விதைத்துவிடுகிறது. மேலே ஓடும் கண்ணீர் அதை எட்டுவதே கஷ்டம், எட்டினாலும் வெட்டத் தெரியாது.

முலைப்பாலிலும் அதே லைசோசைம்தான். அதனால் அந்தப் பழக்கம் வெறும் மூடநம்பிக்கை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பங்கசுக்கு முன்னால் அது கண்ணீரை விடக் கெட்டித்தனம் எதுவும் காட்டாது, மேலதிகமாகப் பால் கிருமிக்கும் சாப்பாடு. இதைவிட மோசம் ஸ்டீரோயிட் கலந்த சொட்டு மருந்து. சிவப்பும் நோவும் குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பங்கசு நன்றாகப் பரவும். பாமசியில் போய்ச் சிவந்த கண்ணைக் காட்டி மருந்து கேட்காதீர்கள். சுணை பட்டால் கசக்க வேண்டாம், சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். நோவோ சிவப்போ நின்றால் அன்றைக்கே ஆதார வைத்தியசாலைக்குப் போய், நெல் பட்டது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் வைத்தியருக்குப் பங்கசு நினைவுக்கு வரும். அதற்கென்று நட்டமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. அரவிந்தில் செய்து 2013இல் வெளியான ஆய்வில், புதிதாக வந்த விலை கூடிய மருந்தை விட இந்தப் பழைய மருந்தே நன்றாக வேலை செய்தது. ஆனால் புண் ஆழமாக இறங்கிய பிறகு எந்த மருந்தும் திணறும். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு வெறும் கண்ணாடி போட்டாலே பாதிப் பிரச்சினை வராது.

இதையெல்லாம் வகுப்பில் இரண்டு பாடவேளை எடுத்துச் சொன்னோம். முடிவில் அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டது: "சேர், பால் விடச் சொன்னது எங்கட அம்மம்மா. அவவுக்கிட்ட என்ன சொல்ற?"

பசுப்பாலை விட ஆயிரம் மடங்குக்கும் மேலான லைசோசைம் தாய்ப்பாலில் இருக்கிறது, மாதம் போகப் போக அது கூடியும் வருகிறது, அதனால் அது பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டிய மருந்து, கண்ணுக்கு இல்லை என்று சொல்லச் சொன்னோம்.

அடுத்த நாள் வந்து சிரித்தது. சொன்னதாம். அம்மம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப பால்ல மருந்து இருக்கெண்டு நான் சொன்னது சரிதானே" எண்டாவாம்.