பெரிய வளர்ப்பு நாய்களின் ஆதிக்க நடத்தை

சோற்றுத் தட்டருகே யாரையும் அண்டவிடாமல் பல்லைக் காட்டுவது, சோபாவை விட்டு இறங்கச் சொன்னால் உறுமுவது, கதவைத் திறந்ததும் ஆளைத் தள்ளிக்கொண்டு ஓடுவது போன்றவற்றைப் பொதுவாக ‘ஆதிக்க நடத்தை’ என்கிறார்கள். நாய் வீட்டுக்குத் தலைமை ஏற்கப் பார்க்கிறது, அதை அடக்க வேண்டும் என்ற எண்ணம் இப்பெயருக்குப் பின்னால் இருக்கிறது. இன்றைய விலங்கு நடத்தையியலாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை.

இந்த எண்ணம் ஓநாய்களிடமிருந்து வந்தது. ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களின் தலைமைச் சண்டைகளை ஆராய்ந்து 1947-இல் எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட நூல், கூட்டத் தலைமையைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் கவனித்த பிறகு, ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999-இல் மெக்கே எழுதினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். அதற்குள், நாயை மல்லாத்தி அமுக்கிப் பிடிக்கும் ‘பயிற்சி’ பல வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.

அந்தப் பயிற்சி ஆபத்தானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினரும், மல்லாத்தி அமுக்கியவர்களில் 31 சதவீதத்தினரும் நாய் பதிலுக்குச் சீறியதாகக் கூறினர். நாற்பது கிலோ எடையுள்ள நாயிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

உறுமலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயம், வலி, அல்லது கையில் கிடைத்ததைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பதற்றம். வயதான நாயின் மூட்டுவலி, காதுப்புண் எல்லாம் இப்படித்தான் வெளிப்படும். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை அறியப்பட்ட குறை. தூங்கும்போது தொட்டால் அந்த நாய் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அதைத் திமிர் என்று அடிப்பது பெரும் அநியாயம். ஆகவே முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது.

உறுமுவதற்கு முன்பே நாய் சொல்லிவிடும். தின்பதை நிறுத்தி அப்படியே விறைத்து நிற்கும், தட்டின் மேல் தலையைக் கவிழ்க்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அந்த நேரத்தில் கையை நீட்டக் கூடாது. தள்ளி நின்று வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டு விலகிப் போக வேண்டும். நாளடைவில் ஆள் வருவதைக் கண்டால் நாயின் உடம்பு தளரும். அதன் பிறகே ஓரடி நெருங்கலாம். உறுமியதற்குத் தண்டித்தால் எச்சரிக்கைதான் நிற்கும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

மும்பையின் டிராம்பே போன்ற பகுதிகளில் இடநெருக்கடியும் சேர்கிறது. 1976-இல் ஜனதா காலனியை இடித்து அங்கிருந்தவர்களைக் குடியமர்த்திய சீத்தா கேம்ப்பில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். எதிரெதிரே இருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளில், கட்டிப்போட்ட பெரிய நாய்க்கு விலகிப் போக வழியில்லை. அணுசக்தி நகர் குடியிருப்புகளின் மாடிவீடுகளிலும் மழைக்காலத்தில் நடை குறைந்து, அடங்கிய வேகம் கதவருகே வெடிக்கும். காலையும் மாலையும் நீண்ட நடை, கதவு திறக்குமுன் உட்காரும் பழக்கம், மோப்பம் பிடித்துத் தேடித் தின்ன உணவு ஆகியவை இங்கே அடிப்படைத் தேவைகள். வழக்கமாகக் கட்டிப்போடும் நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு முன்பே, மார்ச்சில், ராட்வைலர் உட்பட 23 நாய் இனங்களுக்குத் தடை கோரி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்திருந்தது. இனம் எதுவானாலும், பிறருக்கு ஆபத்து நேராதபடி தன் விலங்கைக் கவனிக்கத் தவறுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. கடித்த வரலாறுள்ள நாயை வாய்மூடி இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. வாய்மூடி அணிவதைச் சிறிது சிறிதாக, தின்பண்டம் வைத்து வீட்டிலேயே பழக்கலாம். வீட்டு நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்ல வேண்டும்.