கூட்டத்தை எண்ணும் உயிரணு

சங்கக் கூட்டம் ஒன்று நடைபெறவேண்டுமாயின், விதிப்படி குறிப்பிட்ட தொகையினர் வந்திருத்தல் வேண்டும். இதனைக் 'கோரம்' என்று நம் சங்கங்களில் வழங்குவர். செயலாளர் தலைகளை எண்ணிப் பார்த்து, தொகை நிரம்பிய பின்னரே கூட்டத்தைத் தொடங்குவார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் ஒருவகையில் இவ்வாறே தம் கூட்டத்தை அளந்தறிந்து செயற்படுகின்றன. அவ்வாற்றலைக் கொண்டு உயிரணுக்களின் பெருக்கத்தையும் மடிவையும் வரையறுக்க அறிஞர்கள் முயன்ற வரலாறு சுவையானது. அம்முயற்சி எதிர்கொண்ட தடையும், அத்தடையைக் கடக்கக் கண்ட வழியும் நாம் சிந்திக்கத்தக்கவை.

மரபணுவின் விசை

உயிரணுவினுள் இருக்கும் மரபணுக்கள் யாவும் எப்பொழுதும் தொழிற்படுவன அல்ல. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1961-இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது ஈ.கோலை என்னும் குடற்பாக்டீரியாவை. பாற்சர்க்கரை இல்லாதபோது, அதனைச் செரிக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களை 'அடக்கி' என்னும் பொருள் தடுத்து வைக்கிறது. பாற்சர்க்கரை வந்ததும் அத்தடை நீங்குகிறது. விளக்கை ஏற்றவும் அணைக்கவும் விசை இருப்பது போல மரபணுவுக்கும் விசை உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. 1965-இல் இவ்விருவரும் ஆந்திரே லுவோஃப் என்பாரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கடல் தந்த பாடம்

இரண்டாம் உண்மை கடலிலிருந்து கிடைத்தது. ஒளி வீசும் பாக்டீரியாக்கள் சில கடலில் வாழ்கின்றன. நீரிற் சிதறிக் கிடக்கும்போது அவை ஒளிர்வதில்லை. நெருங்கிக் கூடியபின் ஒளிர்கின்றன. இதன் காரணத்தை 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறு வேதிப்பொருளை வெளியிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருளும் நீரில் மிகுகிறது. ஓர் எல்லையை அஃது எட்டியவுடன் ஒளிக்குரிய மரபணுக்கள் விழித்தெழுகின்றன. 1983-இல் இம்மரபணுக்களைப் பிரித்தெடுத்து ஈ.கோலையினுள் வைத்து ஒளிரச் செய்தனர். இவ்வாற்றலுக்கு 1994-இல் ஆங்கிலத்திற் பெயரிட்டபோது, முன்னர்க் கூறிய 'கோரம்' என்னும் சொல்லையே எடுத்தாண்டனர்.

செயற்கைச் சுற்றுகள்

மரபணுவின் விசைகளை இணைத்து, மின்சுற்றுப் போலப் புதிய சுற்றுகளை அமைக்கலாகாதா என்ற வினா எழுந்தது. 2000-ஆம் ஆண்டு சனவரியில் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டின் ஒரே இதழில் இரு விடைகள் வெளிவந்தன. ஒன்றையொன்று அடக்கும் இரு மரபணுக்களைக் கொண்டு கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் ஆகியோர் ஒரு விசையை அமைத்தனர். ஒன்றையொன்று சுழன்று அடக்கும் மூன்று மரபணுக்களைக் கொண்டு மைக்கேல் எலோவிட்சும் லீப்லரும் கடிகாரம் போன்றதொரு சுற்றை அமைத்தனர்.

2004-இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் லிங்சோங் யூ, பிரான்சஸ் அர்னால்ட் முதலியோர் அடுத்த படியை வைத்தனர். கடற்பாக்டீரியாவின் கூட்டமறியும் மரபணுக்களோடு உயிரணுவைக் கொல்லும் மரபணு ஒன்றை இணைத்து ஈ.கோலையினுட் புகுத்தினர். கூட்டம் மிகுந்தால் செய்திப்பொருள் மிகும். அது மிகுந்தால் கொல்லும் மரபணு தொழிற்படும். உயிரணுக்கள் சில மடியும். கூட்டம் மீண்டும் அளவுக்குள் அடங்கும். கணித முறையால் முன்கூட்டியே கணித்தபடி, உணவு மிகுதியாக இருந்தும் கூட்டம் ஓர் அளவில் நின்றது.

தப்பிய உயிரணுக்கள்

ஆனால் தடை ஒன்று உள்ளேயே இருந்தது. உயிரணு பிரியுந்தோறும் மரபணுவிற் பிழை நேரக்கூடும். கொல்லும் மரபணு பிழையாற் பழுதுபட்ட உயிரணு ஒன்று தோன்றிவிட்டால் அது சாவதில்லை. விதிக்கு அடங்கியவை மடிய, அடங்காதது பெருகும். சில நாட்களில் கூட்டம் முழுவதும் அதன் வழித்தோன்றல்களே நிறைந்துவிடும். விதியை மீறியவனுக்கே ஆதாயம் தரும் விதி நெடுநாள் நிலைப்பது எங்ஙனம்?

2005-இல் 16 நானோலிட்டர் கொள்ளும் மிகச் சிறிய கலத்தில் இப்பாக்டீரியாக்களை வளர்த்தனர். உயிரணுக்கள் குறைவாக இருந்தமையாற் பிழை தோன்றும் வாய்ப்பும் குறைந்தது. சுற்று பல நூறு மணிநேரம் இயங்கியது. 2019-இல் சான் டியேகோவில் ஹேஸ்டியின் குழுவினர், ஒன்றை மற்றொன்று கொல்லவல்ல மூவகை ஈ.கோலைகளை முறைமாற்றிப் புகுத்திப் பழுதுபட்டவற்றை நீக்கினர். இவை தடையைத் தள்ளிப்போட்ட வழிகளேயன்றி, அதன் வேரை நீக்கியவை ஆகா.

கேளாச் செவிக்கும் சாவு

2022-இல் அதே எலோவிட்சின் குழுவினர் பாலூட்டியின் உயிரணுக்களில் வேறொரு வழியைக் கையாண்டனர். செடிகளின் வளர்ச்சியை இயக்கும் ஆக்சின் என்னும் பொருளைச் செய்திப்பொருளாகக் கொண்டனர். உயிரணுவினுள் இரு புரதங்கள் வைக்கப்பட்டன. ஒன்று சாவைத் தருவது. மற்றொன்று வளர்ப்பு நீர்மத்திற் கலந்த நஞ்சினின்று காப்பது. ஆக்சின் ஓரளவு இருப்பின் சாவுப் புரதம் அழிந்து உயிரணு வாழும். கூட்டம் பெருகி ஆக்சின் மிகுந்துவிட்டாலோ காப்புப் புரதமும் அழிந்து உயிரணு மடியும்.

இவ்வமைப்பின் நுட்பம் யாதெனின், பிழையால் ஆக்சினை உணரும் ஆற்றலை இழந்த உயிரணுவுக்கு ஆதாயம் இல்லை என்பதே. செய்தி அதன் செவிக்கு எட்டாமையால் சாவுப் புரதம் அழியாது நின்று அதனைக் கொன்றுவிடும். இச்சுற்று 42 நாட்கள் வரை கூட்டத்தை அளவில் நிறுத்தியது. இயற்கையும் இத்தகைய முறையை அறியும். நம் உடலின் நோய்த்தடுப்பு டி உயிரணுக்களில் இன்டர்லூக்கின்-2 என்னும் ஒரே செய்திப்பொருள் பெருக்கத்தையும் மடிவையும் தூண்டுகிறது.

இச்சுற்று ஆய்வுக்கூடத்துக் கலத்திற் காட்டப்பட்டதே. எனினும் அதன் பொருள் பெரிது. புற்றுநோய் என்பதும் கூட்டத்தின் விதிக்கு அடங்காது பெருகும் உயிரணுக்களின் கதையே. நோய் தீர்க்கவென்று மாற்றியமைத்த உயிரணுக்களை நோயாளியின் உடலிற் செலுத்தும் இக்காலத்தில், அவை அளவோடு நிற்குமா என்பது உயிரைப் பற்றிய வினா. கொல்லும் ஆற்றலை மட்டும் நம்பிய சுற்று சில நாளில் தோற்றது; விதிக்குச் செவிசாய்ப்பதே வாழும் வழி என்று அமைத்த சுற்று நெடிது நின்றது. 1961 முதல் வளர்ந்த இவ்வாய்வு கற்பித்த பாடம் இதுவே.