டேப் கீ ஏன் திடீரென்று வேலைநிறுத்தம் செய்கிறது?

லினக்ஸில் கமாண்ட் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதி தானாக வந்து விழும். ஆனால் புதிதாக உருவாக்கிய யூசர் கணக்கில் நுழைந்தால் சில சமயம் கர்சர் மட்டும் தள்ளிப் போகும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கமாண்டுக்குப் பதில் ஏதோ கிறுக்கல் வரும். சிலர் லினக்ஸையே மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1970களில் டெனெக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எஸ்கேப் கீ இந்த வேலையைச் செய்தது. அதைப் பார்த்து கென் கிரீர் என்பவர் யூனிக்ஸின் சி ஷெல்லில் இந்த வசதியைச் சேர்த்தார். அப்படிப் பிறந்த டிசிஷெல்லில் உள்ள 'டி' டெனெக்ஸைத்தான் குறிக்கிறது. 1989ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ், ரீட்லைன் லைப்ரரி மூலம் டேப் கீயை நம் விரல்களுக்குப் பழக்கியது. ஆக இது கீபோர்டின் குணம் அல்ல, ஷெல்லின் குணம்.

சிக்கல் வந்தது வேகத்தால். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு பாஷ் கனமானது. அதனால் 2006ல் உபுண்டு 6.10, சிஸ்டத்தின் 'எஸ்எச்' என்ற பொது ஷெல்லை டாஷ் என்ற சின்ன ஷெல்லுக்கு மாற்றியது. 2011ல் டெபியன் 6 அதையே செய்தது. டாஷுக்கு ஸ்கிரிப்டை வேகமாக ஓட்டத் தெரியும், டேப் தெரியாது. 'ஆட்யூசர்' கமாண்டில் உருவாக்கிய கணக்குக்கு பாஷ் கிடைத்தது. 'யூசர்ஆட்' கமாண்டில் உருவாக்கிய கணக்குக்கு 'எஸ்எச்', அதாவது டாஷ்!

இது எங்கோ நடந்த கதை இல்லை. தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2007ல் வந்த பாஸ் லினக்ஸும் (பாஷ் வேறு, பாஸ் வேறு!) டெபியன் மேல் கட்டியதுதான். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலும் பாஸ் வந்தது. டெபியனில் யாரோ எடுக்கும் முடிவு நம் மடியில் வந்து உட்காரும்.

தீர்வு சுலபம். 'எக்கோ டாலர் ஜீரோ' அடித்து எந்த ஷெல்லில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'எஸ்எச்' என்று வந்தால் 'சிஎச்எஸ்எச்' கமாண்டில் பாஷுக்கு மாற்றிவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள். 2019ல் ஆப்பிள், மேக்கின் டீஃபால்ட் ஷெல்லை பாஷிலிருந்து இசட்ஷெல்லுக்கு மாற்றியபோதும் டேப்பின் குணம் மாறியது. அங்கேயும் முதல் கேள்வி இதுதான்: இப்போது எந்த ஷெல்?