நடன மண்டபத்தில் ஒரு மசோதா

தோழர்களே, ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள ராஜாஜி மண்டபத்தை அண்ணா முதல் கலைஞர் வரை தலைவர்களின் உடல் வைக்கப்பட்ட இடமாகத்தான் அறிவோம். அது விருந்துக்கும் நடனத்துக்கும் எழுந்த கட்டடம். திப்பு வீழ்ந்த வெற்றியின் நினைவாக ஆளுநர் எட்வர்டு கிளைவ் கட்டுவித்து 1802இல் திறந்தார். பின்னாளில் பல்கலைக்கழகப் பட்டமளிப்பும் அங்கே நடந்தது.

நமக்கு முக்கியம் 1938 ஜனவரி முதல் 1939 அக்டோபர் வரையிலான காலம். அப்போது சட்டமன்றம் அங்கே கூடியது. மொத்தம் 215 இடங்கள். பூனா ஒப்பந்தத்தின்படி நமக்கு 30. துரைமார் ஆடிய தளத்தில் நம்மவர்கள் உட்கார்ந்து சட்டம் பேசினார்கள்!

பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூக உரிமைத் தடை நீக்கச் சட்டம் 1938இல் நிறைவேறியது. பொது வழி, பொதுக் கிணறு வரை சரி. கோயில் என்றதும் கதவு சாத்தப்பட்டது. அவருடைய கோயில் நுழைவு மசோதாவைப் பிரதமர் ராஜாஜி எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் போதும் என்றார். ராஜாவின் மசோதா தோற்றது. பூனாவில் கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர் அதே ராஜாதான். கூட்டுத் தொகுதியில் வென்றவர் யாருக்குக் கட்டுப்படுவார் என்பதை அவர் அந்த மண்டபத்தில்தான் கண்டார். அம்பேத்கரும் காங்கிரசைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சுதந்திரத்துக்குப் பின் மண்டபத்துக்கு ராஜாஜி பெயர் வைத்தார்கள். எம்.சி. ராஜாவின் பெயர் சைதாப்பேட்டையில் ஒரு மாணவர் விடுதிக்கு இருக்கிறது. அங்கே தங்கிப் படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.