மாட்டு வண்டிப் பட்டறையும் லாரிப் பட்டறையும்

போன வாரம் சென்னையில இருந்து நண்பர் ஒருத்தர் தோட்டத்துக்கு வந்திருந்தார். வர்ற வழியெல்லாம் பார்த்துட்டு, "என்னங்க, ஊருக்கு ஊர் இத்தனை லாரிப் பட்டறை? விவசாய பூமின்னு சொன்னீங்க?" என்றார். ரெண்டும் ஒரே கதைதாங்க. அதைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி சுத்துப்பட்டுல பாதிக்கு மேல மேட்டுக்காடு. காவிரி பக்கத்துலயே ஓடினாலும் மேட்டுக்குத் தண்ணி ஏறாது. மானாவாரி வெள்ளாமை பொய்த்த வருசங்கள்ல, காட்டை நம்பிப் பிழைக்க முடியாதுன்னு சொந்தபந்தம் நாலு பேர் பங்கு போட்டு லாரி வாங்கினாங்க. ஒரு பங்காளி டிரைவர், இன்னொருத்தர் கிளீனர்.

அந்தக் காலத்து லாரி எப்படி வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் பட்டறைக் கதை புரியும். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தாங்க. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆச்சு. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடா, ஜெர்மன் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1954-ல் லாரி போட ஆரம்பிச்சாங்க. 1969-ல் கூட்டு முடிஞ்சு நட்சத்திர முத்திரை போயிருச்சு. ஆனா எங்க மாமா கடைசி வரைக்கும் டாடா லாரியை "பென்சு"ன்னுதான் சொல்வார்.

கம்பெனியில் இருந்து வந்தது வெறும் சேஸிஸ். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது. ஒரு பெட்டி மேல உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கிட்டு, வெயில்லயும் மழையிலயும் நூத்துக்கணக்கான மைல் ஓட்டிட்டு வருவாங்க. கேபினும் பாடியும் இங்கதான் கட்டணும்.

யார் கட்டறது? மாட்டு வண்டி செஞ்ச ஆசாரிங்க கை இருந்தது. இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்துல ஏத்தி, தண்ணி ஊத்தி இறுக்கத் தெரிஞ்சவங்களுக்கு மரமும் இரும்பும் எப்படிச் சேர்ந்து நிக்கும்னு தெரியும். அவங்க வேலைமுறை பலதும் இன்னைக்கும் பட்டறையில் இருக்கு.

பாடியைச் சேஸிஸோட சேர்க்கிறப்போ, சட்டத்தோட மேல் விளிம்புல ஓட்டை போட மாட்டாங்க. யு போல்ட்டை வளைச்சுக் கட்டுவாங்க. பாரம் ஏறினா சட்டம் முறுக்கிக் கொடுக்கணும். அந்த விளிம்புல ஓட்டை இருந்தா அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை வைப்பாங்க, உரசித் தேயாம இருக்க. சக்கர நட்டை வரிசையா முடுக்காம, எதிரெதிரா முடுக்குவாங்க. அப்பத்தான் சக்கரம் ஒரு பக்கம் சாயாம உட்காரும்.

இன்னொரு பாடம் மாமா காசு கொடுத்துக் கத்துக்கிட்டது. ஒரு தடவை பின்பக்கம் புதுப் பட்டை போட்டார். "லோடு ஏத்தி ஒரு நடை ஓட்டிட்டு வாங்க, யு போல்ட்டைத் திரும்ப முடுக்கணும்"னு மேஸ்திரி சொல்லித்தான் அனுப்பினார். மஞ்சள் சீசன், லோடுக்கு மேல லோடு. மாமா போகலை. மூணாவது நடையில போல்ட் தளர்ந்து, பட்டைகளைக் கோர்த்து நிக்கிற சென்டர் போல்ட் அறுந்துபோச்சு. அச்சு நகர்ந்து, லாரி நண்டு மாதிரி கோணையா ஓடுச்சு. நல்ல வேளை, எதிர்ல வண்டி எதுவும் வரலை. அந்தச் சீசன் லாபம் மொத்தமும் பட்டறைக்கே போச்சு. "பத்து நிமிச வேலைடா மாப்ளே" என்று சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தார்.

அன்னைக்கு உடைஞ்ச பட்டையைக் கொல்லன் கிட்டக் கொடுத்து அடிச்ச அரிவாள்தான் இன்னைக்கும் என் கையில இருக்கு. வில்லுப்பட்டை இரும்பு மாதிரி கூர் நிக்கிறது வேற இல்லைங்க.

தண்ணி இல்லாமத்தான் லாரிக்குப் போனோம். அதே லாரி மேல கம்ப்ரஸரும் துளை போடற எந்திரமும் ஏத்தி ரிக் வண்டியாக்கி, திருச்செங்கோட்டுக்காரங்க இந்தியா முழுக்கப் போர்வெல் போட்டாங்க. ஆப்பிரிக்கா வரைக்கும் போனாங்க. அந்தக் குழாய்ங்க வந்ததும் எங்க கிணறுகள் வத்தினதும் கூடவே நடந்துச்சு. அதையும் மறைக்க முடியாது.

இப்போ கேபின் கம்பெனியிலயே வருது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகிற நடுத்தர, கனரக லாரி கேபின்ல ஏசி கட்டாயம். வெயில்ல வெந்த டிரைவருக்கு அது நியாயம்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தவும் முடியாது. பட்டறையிலயும் வெல்டிங் வைக்கும் முன்னாடி பேட்டரியைக் கழட்டறாங்க. இல்லைன்னா வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் போயிரும்.

கேபின் கட்டத் தெரிஞ்ச பழைய கைகள் குறைஞ்சுட்டே வருது. நண்பர் ஊருக்குக் கிளம்பறப்போ ஒரு பட்டறையில நிறுத்தி, மேஸ்திரியோட அரைமணி நேரம் பேச வெச்சு அனுப்பினேன். அடுத்து யார் வந்தாலும் அதைத்தான் செய்யப் போறேன்.