கண்ணாடிச் சில்லிலிருந்து பென் டிரைவ் வரை

பள்ளிவாசல் முகப்பில் கரும்பலகை தொங்கிய காலத்தை நம்மில் மூத்தோர் நன்கறிவர். ஜனாஸா அறிவிப்பும் சந்தா நினைவூட்டலும் சுண்ணக்கட்டியால் அதில்தான் எழுதப்பட்டன. இன்று பல ஊர்களில் அவ்விடத்தை டிஜிட்டல் திரை பிடித்துள்ளது. அதன் பின்புறம் விரலளவு பென் டிரைவ் ஒன்று செருகப்பட்டிருக்க, அதிலுள்ள படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. இதைப் புத்தம்புதிய ஏற்பாடு என்று கருதுவோர் உளர். எனினும் இதன் வரலாறு மூன்றரை நூற்றாண்டுகளைக் கடந்ததாகும்.

கண்ணாடிச் சில்லில் வரைந்த படத்தை விளக்கொளியாலும் வில்லையாலும் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ‘மாய விளக்கு’, 1659ஆம் ஆண்டளவில் டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்சால் உருவாக்கப்பட்டது. நம் நாட்டில், மும்பையை அடுத்த கல்யாணைச் சேர்ந்த மகாதேவ் பட்வர்தன் ‘சாம்பரிக் கரோலிகா’ என்னும் பெயரில் 1892இல் இத்தகைய காட்சிகளை நடத்தத் தொடங்கினார்.

நாஞ்சில் நாட்டார்க்கு இதனினும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரில் 1928இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கிற்று. வெறுங்காலின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. கழிப்பிடத்தின் தேவையையும் மக்கள் உணர வேண்டியிருந்தது. ஆகவே சொற்பொழிவும் விளக்குப் படக் காட்சியும் அக்காலச் சுகாதாரப் பணியின் கருவிகளாயின. அன்று படத்தின் அருகில் நின்று விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். இன்றைய திரைக்கு அருகில் எவருமில்லை. எழுத்து மிகுந்த படங்களை எவரும் படித்து முடிக்காததன் காரணம் இதுவே என்பது நம் கருத்து.

பின்னர்த் திரையரங்குகளில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரச் சிலைடுகள் வந்தன. 1961இல் வெளியான கோடாக் நிறுவனத்தின் வட்டத்தட்டுக் கருவி 80 சிலைடுகளைத் தொடர்ந்து காட்டிற்று. 2004இல் அத்தகைய கருவிகளின் உற்பத்தியை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

யுஎஸ்பி இணைப்பின் முதல் வரையறை 1996இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை. 2000இல் விற்பனைக்கு வந்த பென் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி மட்டுமே! தமிழுக்கு இதனால் விளைந்த நன்மை தனித்துக் கூறத்தக்கது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத வேறொன்றில் புரியாத குறிகளாய்ச் சிதைந்த காலம் அது. அறிவிப்பை ஜேபெக் படமாக மாற்றிவிட்டால் எழுத்துருவே தேவையில்லை. எந்தத் திரையிலும் எழுத்து சிதையாது. பெயர்களை 001, 002 என இட்டால் பெரும்பாலான திரைகள் அவ்வரிசையிலேயே காட்டும். மின்சாரம் போய்வந்ததும் காட்சி தானே தொடங்காத பெட்டிகளும் உண்டு. அப்போது எவரேனும் ரிமோட்டைத் தேட வேண்டும்.

நமக்குள்ள கவலை வேறு. நூறாண்டு கடந்த கண்ணாடிச் சில்லுகள் இன்றும் காப்பகங்களில் உள்ளன. பென் டிரைவிலோ செய்தி மின்னேற்றமாகவே தங்குகிறது. பல்லாண்டுகள் பயனின்றிக் கிடந்தால் அது கசிந்து அழியவும் கூடும். அதற்கு முன்னரே, புதிய அறிவிப்புக்கு இடம் வேண்டிப் பழையதை நாமே அழித்துவிடுகிறோம். யார் மறைந்தார், எந்த ஆண்டு எந்தப் பணி நடந்தது என்பவையெல்லாம் அவற்றுடன் போகின்றன. அழிக்கும் முன் ஆண்டும் மாதமும் பெயராக இட்ட கோப்புறையில் அவற்றை அலுவலகக் கணினியில் ஒரு படியும், தனி வன்தட்டில் மற்றொரு படியும் எடுத்துவைக்கச் சில நிமிடங்களே ஆகும்.