உயரம் குறைந்த வேனின் கோணங்கள்: பெங்களூர்ப் பட்டறைகளும் 'அசல்' என்னும் சொல்லும்

2021 ஜூலையில் இந்திய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 'விண்டேஜ்' வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை வகுத்தது. வாகனம் 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். இவை மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. ஒரு வாகனம் சாலையில் நடந்துகொள்ளும் விதத்தைத் தீர்மானிக்கும் முன்சக்கரக் கோணங்கள் இந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. உயரம் குறைக்கப்பட்ட பழைய வேன் இந்த இடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது.

இக்கோணங்களின் வரலாறு மோட்டார் வாகனத்துக்கும் முந்தையது. குதிரை வண்டியின் முன்னச்சு முழுவதும் ஒரே மையத்தில் திரும்பியது. மியூனிக் நகர வண்டித் தச்சரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி முளையில் திரும்பும் அமைப்பை உருவாக்கினார். அவருடைய முகவர் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமைப்புக்கு நிலைத்த பெயர் முகவருடையது. வேகம் கூடியபோது முன்சக்கர நடுக்கம் புதிய சிக்கலாக எழுந்தது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி மேற்கொண்ட ஆய்வுகளும், அந்நிறுவனம் 1934ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்த தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனும் அச்சிக்கலுக்கான விடைகளுள் அடங்கும்.

1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் வேன் வேறு வழியைப் பின்பற்றியது. அதன் முன்புறத்தில் மேலும் கீழுமாக இரண்டு குறுக்குக் குழாய்கள். அவற்றுள் முறுக்கத்தைத் தாங்கும் எஃகுப் பட்டைகள். ஒவ்வொரு பக்கமும் இணையான இரண்டு கரங்கள். பட்டைகளின் பிடிமானத்தைச் சற்றே சுழற்றினால் முன்பகுதி தாழும். கரங்கள் சம நீளமும் இணைநிலையும் கொண்டவை; ஆகவே தாழ்த்துவது மட்டுமே கேஸ்டரை மாற்றுவதில்லை. பின்புறம் பழைய உயரத்திலேயே நிற்க முன்புறம் மட்டும் தாழும்போதுதான் மாற்றம் நேர்கிறது. வேன் முழுவதும் முன்னோக்கிச் சாய, திருப்பு அச்சும் அதனுடன் சாய்கிறது.

இதன் கணக்கு எளியது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,400 மி.மீ. முன்புறம் மட்டும் 42 மி.மீ. தாழ்ந்தால் கேஸ்டரில் ஏறத்தாழ 1 பாகை குறையும், 100 மி.மீ. தாழ்ந்தால் ஏறத்தாழ 2.4 பாகை குறையும். கேஸ்டர் குறைந்தால் திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பத் தயங்கும். பக்கக் காற்றில் வண்டி அலையும். டை ராடின் சாய்வும் மாறுவதால், ஹம்ப்பில் ஏறி இறங்கும்போது சக்கரம் தானே சிறிது திரும்பக்கூடும். எனவே செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் உயரத்தை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் பின்புறத்தையும் ஈடாகத் தாழ்த்தியோ, கீழ்க்குழாயைச் சிறிது முன்தள்ளியோ கேஸ்டரை மீட்க வேண்டும். அடுத்துக் கேம்பர், இறுதியாக டோ-இன். உயரம் மாறினால் மற்றவை அனைத்தையும் மீண்டும் அளந்தாக வேண்டும்.

இத்தகைய வேலையை ஏற்கும் திறன் பெங்களூரில் தற்செயலாகத் திரளவில்லை. 1940இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1950களின் தொடக்கத்தில் ஆடுகோடியில் மைக்கோ, 1953இல் எச்.எம்.டி. என அடுத்தடுத்து எழுந்த ஆலைகள் நுண்ணளவை அன்றாடப் பழக்கமாக்கின. லேத் பட்டறைகளும் ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளும் அந்நகரத்துச் சூழலில் வளர்ந்தவை. கன்னடமும் உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும் பட்டறைகளில் நூலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு சக்கரக் கோணங்களை அளக்கலாம். கணினி அலைன்மெண்ட் கருவி அதே அளவைத் திரையில் காட்டுகிறது. எந்த அளவை எதற்காக விட்டுக்கொடுக்கலாம் என்ற முடிவு மட்டும் கைவினைஞரிடமே இருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பை விடப் பயன்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் முன்வைத்த வாதத்துக்கு இது தக்க சான்று.

சட்டம் இம்முடிவை வேறு கண்ணால் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பே அதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அசல் உயரத்தில் நிற்கும் ஒரு வேன், தேய்ந்த புஷ்களாலும் முளைகளாலும் தன் கோணங்களை முற்றிலும் இழந்திருக்கலாம். அது கண்பார்வைச் சோதனையில் தேறிவிடும். கோணங்கள் கவனமாக மீட்கப்பட்ட, உயரம் குறைந்த வேன் அதே சோதனையில் தோற்கும். அசல்தன்மை, நடத்தை என்னும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் விளைவு இது.

உயரத்தைக் குறைப்பது சரியா என்பது தனி விவாதம். வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது ஆவணத்தின் நிலை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் உண்டு, சட்டக எண் உண்டு, கேஸ்டர் இல்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் ஒரு தாளில் எழுதப்பட்டு வண்டியோடு பேணப்பட்டால், அடுத்து வருபவர் அதை அசல் நிலைக்குத் திருப்ப இயலும். அத்தாள் இல்லாவிடில், பட்டறை மூடப்படும் நாளில் அவ்வாகன வரலாற்றின் ஒரு பகுதியும் அழிந்துபோகும்.